ரப்பர் பால் கணக்கை ஜாவாவிலிருந்து ரஸ்டுக்கு மாற்றுதல்: ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, திருவட்டாறு வட்டாரத்தில் விடியுமுன் வெட்டிய ரப்பர் பால் முற்பகலுக்குள் கொள்முதல் நிலையத்துக்கு வந்து சேர வேண்டும். நேரம் போனால் பால் திரிந்து கட்டியாகிவிடும். நிலையத்தில் கேனை எடை போட்டு, சிறு மாதிரி எடுத்துவைத்துக்கொண்டு, சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். தொகை அப்போதே முடிவாகாது. பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்று காட்டும் டிஆர்சி அளவு தெரிந்த பிறகுதான் விலை. தோட்டத்துப் பாலில் அது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதத்துக்குள் இருக்கும். மழை, மரத்தின் வயது, இலையுதிரும் பருவம் எல்லாம் அதை ஏற்றி இறக்கும். மெட்ரோலாக் மிதவையை இட்டு அங்கேயே தோராயமாகப் பார்க்கலாம். துல்லியமான அளவுக்கு மாதிரியில் அமிலம் விட்டு உறையவைத்து, தகடாக்கி, உலர்த்தி எடை பார்க்க வேண்டும். ஆகவே எடை தெரிந்து, விலை தெரியாத ஒரு இடைநிலையில் ஒவ்வொரு கேனும் சில காலம் நிற்கிறது. ஜாவா என்ற நிரல்மொழியில் பழகியவர்கள் ரஸ்ட் என்ற இன்னொரு நிரல்மொழியைப் படித்தபோது பட்ட பாடு பெரும்பாலும் இந்த இடைநிலையைச் சுற்றித்தான்.

இந்தக் கணக்கைப் போடும் நிரல் முதலில் ஜாவாவில் இருந்தது. அதை ரஸ்டில் மறுபடி எழுதியது நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு சிறு குழு. எல்லாரும் ஜாவாவில் பல வருடம் ஊறியவர்கள். நிலையத்தில் இருந்தது 1 ஜிபி நினைவகம் கொண்ட சிறு லினக்ஸ் பலகை. எடை மெஷினோடு சீரியல் கேபிளில் பேச வேண்டும். புதுப் பதிப்பை ஒரே கோப்பாகப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட வசதி வேண்டும். ஜாவாவிலும் இதைச் செய்ய முடியும். ஆனால் டிஆர்சி வராத சீட்டுகளில் நல் (எதுவும் இல்லை என்ற வெற்று மதிப்பு) புகுந்து நிரல் அடிக்கடி நின்றுபோனது. மொழி மாற்றத்துக்கு வலுவான காரணம் அதுதான். நல் குறிப்பை 1965-இல் அல்கால் டபிள்யூ மொழிக்காக உருவாக்கிய கணினி அறிஞர் டோனி ஹோர், 2009-இல் அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் பிழை என்றார். 2015 மே மாதம் 1.0 பதிப்பாக வந்த ரஸ்டில் சாதாரண நிரல் எழுதும்போது நல் என்பதே கிடையாது.

இலக்கணம் சீக்கிரம் வந்துவிட்டது. மாறி, வளையம், ஃபங்ஷன் எல்லாம் பார்த்தவுடன் பிடிபடும். ஜாவா 8-இல் (2014) வந்த ஸ்ட்ரீம் பழகியவருக்கு ரஸ்ட் இடரேட்டரும் அன்னியமாகத் தெரியாது. தடுக்கியது வடிவமைப்பில். கம்பைலர் (எழுதிய நிரலைச் சரிபார்த்து ஓடும் வடிவுக்கு மாற்றும் கருவி) காட்டும் சிவப்பு வரியை "மொழி எனக்கு இன்னும் பிடிபடவில்லை" என்று படித்ததால் நாட்கள் வீணாயின. அந்த வரிகளில் பெரும்பாலானவை "இந்தத் தரவு யாருக்குச் சொந்தம் என்று நீ முடிவே செய்யவில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன.

முதல் வடிவம்

ஜாவாவில் கொள்முதல் பொருள் என்று ஒரு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் (பொதுவான மூல வகை) இருந்தது. லேட்டக்ஸ் (பால்), ஷீட் (உலர்ந்த தகடு), ஒட்டுப்பால் மூன்றும் அதன் பிள்ளை கிளாஸ்கள். விலை என்ற மெத்தடை (கணக்கிடும் செயலை) ஒவ்வொன்றும் தன் வழியில் எழுதிக்கொண்டது. விவசாயி ஆப்ஜெக்ட்டுக்குள் அவர் கொண்டுவந்த சீட்டுகளின் பட்டியல், ஒவ்வொரு சீட்டுக்குள்ளும் திரும்ப அந்த விவசாயி. ஜாவாவில் இது நாள்தோறும் எழுதும் அமைப்பு.

ரஸ்டில் இப்படிப் பிள்ளை கிளாஸ் அமைக்கும் இன்ஹெரிட்டன்ஸ் இல்லை. ஒரு வகை என்னென்ன செய்யும் என்று சொல்லும் டிரெய்ட் உண்டு; அதில் மெத்தடுகளும் அவற்றின் இயல்பு உடலும் இருக்கலாம், ஃபீல்டு (தரவு வைக்கும் இடம்) இருக்க முடியாது. எனவே எடை, தேதி, விவசாயி ஆகிய பொது ஃபீல்டுகளை மூன்று ஸ்ட்ரக்ட்டிலும் (ஃபீல்டுகளின் தொகுப்பிலும்) திரும்பத் திரும்ப எழுதினார்கள். மூன்றையும் ஒரே பட்டியலில் வைக்க உள்ளே எந்த வகை என்பதை மறைத்துவைக்கும் டின் டிரெய்ட் ஆப்ஜெக்ட்டாக்கிப் பாக்ஸில் போட்டார்கள். அதுவரை ஓடியது. டிஆர்சி முடிவு வந்ததும் அந்தப் பட்டியலில் லேட்டக்ஸ் எது என்று கண்டுபிடித்து அதில் எண்ணை எழுத வேண்டும். ஜாவாவில் இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டு வகையைப் பார்த்துக் காஸ்ட் செய்தால் முடிந்தது. ரஸ்டில் டிரெய்ட் ஆப்ஜெக்ட்டுக்குள் இருப்பதன் உண்மையான வகையைத் திரும்பப் பெற எனி வழியாக டவுன்காஸ்ட் என்று சுற்றிவளைக்க வேண்டும். அந்தச் சுற்று தேவைப்பட்டவுடனேயே வடிவமைப்பைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

விவசாயியும் சீட்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அமைப்புக்கு ஆர்சி (ஒரே தரவை எத்தனை இடங்கள் பகிர்கின்றன என்று எண்ணி வைப்பது), ரெஃப்செல் (இரவல் விதியை ஓடும் நேரத்தில் பார்ப்பது) இரண்டையும் அடுக்கினார்கள். கம்பைலர் வாய் மூடிக்கொண்டது. பிழை ஓடும் நேரத்துக்குத் தள்ளிப்போனது. மாத முடிவில் கணக்கு முடிக்கும் வளையம் விவசாயியை மாற்றுவதற்காக ரெஃப்செல்லைத் திறந்து வைத்திருக்கும். அதற்குள் சீட்டின் பில் மெத்தடு, முன்பணம் எவ்வளவு என்று பார்க்க அதே விவசாயியைத் திறக்கும். உடனே பேனிக், நிரல் நிற்கும். போதாக்குறைக்கு ஆர்சி இருபுறமும் சுழற்சியாகக் கட்டப்பட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்காது, நினைவகம் விடுபடாது. ஜாவாவின் கார்பேஜ் கலெக்டர் இப்படிப்பட்ட சுழற்சியைத் தானே சுத்தம் செய்துவிடும். ரஸ்டில் ஒரு பக்கத்தை அந்த எண்ணிக்கையில் சேராத வீக் ஆக்க வேண்டும்.

தீர்வு எளிது, ஜாவாக் கண்ணுக்குப் பழையதாகத் தெரியும்: சுட்டுவதை விட்டு எண்ணை வைப்பது. சீட்டுகள் எல்லாம், எண்ணைக் கொடுத்தால் எடுத்துத் தரும் ஒரே ஹேஷ்மேப்பில். ஒவ்வொரு சீட்டுக்குள்ளும் விவசாயியின் எண் மட்டும். கொள்முதல் நிலையத்தின் நோட்டுப் புத்தகம் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. விவசாயி எண்ணையும் சீட்டு எண்ணையும் யு32 என்ற வெறும் முழு எண்ணாக விடாமல் தனித்தனி ஒற்றை ஃபீல்டு ஸ்ட்ரக்ட்டாகப் பொதிந்தால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுக்கும் தவறைக் கம்பைலர் பிடித்துவிடும். இந்தப் பொதிவுக்கு ஓடும் நேரத்தில் செலவு எதுவும் இல்லை.

குளோன் மறைத்த பிழை

ஜாவாவில் ஒரு ஆப்ஜெக்ட்டை ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் அதன் சுட்டிதான் போகிறது. கொடுத்தவரும் தொடர்ந்து பயன்படுத்தலாம். ரஸ்டில் ஸ்ட்ரக்ட்டை அப்படியே கொடுத்தால் உரிமையே போய்விடும். பிறகு தொட்டால் ஈ0382 என்ற பிழை. அதன் கீழே பல சமயம் குளோன் செய்து (நகல் எடுத்து) பார்க்கலாம் என்ற குறிப்பையும் கம்பைலரே தரும். புதிதாக வருபவர் அதைப் பிடித்துக்கொள்கிறார்.

குளோனால் வேகம் குறையும் என்றுதான் பொதுவாக எச்சரிப்பார்கள். இந்த அளவு நிரலில் அது பொருட்டே இல்லை. உண்மையான கேடு வேறு. டிஆர்சியைப் பதியும் ஃபங்ஷனுக்குச் சீட்டின் குளோன் போனது, உள்ளே 34.2 என்று ஒழுங்காக எழுதப்பட்டது. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த நகல் அழிந்தது. மூலச் சீட்டு இன்னும் காத்திருக்கிறது. பிழைச்செய்தி இல்லை, பேனிக் இல்லை, விவசாயிக்குத் தொகை மட்டும் வரவில்லை. ஜாவாவில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்ற பழக்கம் உள்ளவருக்கு இது எங்கே போயிற்று என்று தேடவே தோன்றாது.

ஈ0382 வந்தால் கேட்க வேண்டியது இதுதான்: இந்த ஃபங்ஷன் பார்க்க மட்டும் போகிறதா, மாற்றப் போகிறதா, வைத்துக்கொள்ளப் போகிறதா? பார்க்க மட்டும் என்றால் சாதாரண இரவல். மாற்ற என்றால் மாற்றும் இரவல். வைத்துக்கொள்ள என்றால் உரிமையையே கொடு. இவை மூன்றும் பொருந்தாத இடத்தில் மட்டும் குளோன். அதுவும் பெயர், ஊர் போன்ற இனி மாறாத தரவுக்கு. ஸ்ட்ரக்ட்டுக்குள் எழுத்துத் தொடரை இரவலாக வைக்க ஆசை வரும். வைத்தால், இரவல் எவ்வளவு காலம் செல்லும் என்று காட்டும் லைஃப்டைம் குறி ஒவ்வொரு ஃபங்ஷனாகத் தொற்றிக்கொண்டு போகும். ஸ்ட்ரக்ட்டுக்குள் ஸ்ட்ரிங், ஃபங்ஷன் வாசலில் ஸ்ட்ரிங் இரவல் என்று வைத்துக்கொண்டால் இந்த அளவு நிரலுக்கு லைஃப்டைம் குறியே தேவைப்படாமல் போகலாம்.

செல்ஃப் முழுவதையும் பூட்டும் பழக்கம்

அதிகம் படுத்தியது ஈ0502 என்ற பிழை. நிலையம் என்ற ஸ்ட்ரக்ட்டில் சீட்டுகள் ஒரு ஃபீல்டு, விவசாயிவாரி மொத்தம் இன்னொரு ஃபீல்டு. சீட்டுகளை வளையத்தில் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் மொத்தத்தில்சேர் என்ற மெத்தடைச் செல்ஃப் மீது (அதாவது அந்த நிலையம் ஸ்ட்ரக்ட்டின் மீதே) அழைத்தார்கள். வளையம் செல்ஃபின் ஒரு பகுதியைப் பார்க்கும் இரவலில் பிடித்திருக்கிறது. மெத்தடு செல்ஃப் முழுவதையும் மாற்றும் இரவலில் கேட்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் கூடாது என்பது ரஸ்டின் அடிப்படை விதி.

அந்த மெத்தடு சீட்டுகளைத் தொடுவதே இல்லையே, மொத்தத்தை மட்டும்தானே மாற்றுகிறது என்று கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் கம்பைலர் அழைக்கும் இடத்தில் மெத்தடின் கையொப்பத்தை (என்ன வாங்கும், என்ன தரும் என்ற தலைப்பு வரியை) மட்டும் பார்க்கிறது. உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. கையொப்பம் முழுச் செல்ஃபையும் கேட்கிறது. ஜாவாவில் எல்லாவற்றையும் மெத்தடாகவும், எல்லா ஃபீல்டையும் படிக்கும் கெட்டர், மாற்றும் செட்டருக்குப் பின்னாலும் வைக்கச் சொல்லிக்கொடுத்த பாடம் இங்கே நேராக எதிர்த் திசையில் இழுக்கிறது. கெட்டர் ஒன்று போதும், செல்ஃப் முழுவதும் இரவலில் சிக்கிக்கொள்ள.

வெளியேற மூன்று வழி உண்டு. வளையத்துக்குள் மெத்தடை அழைக்காமல் மொத்தம் என்ற ஃபீல்டை நேரடியாகத் தொட்டு எழுதலாம். வேறு வேறு ஃபீல்டுகளைத் தனித்தனியாக இரவல் எடுப்பதைக் கம்பைலர் அனுமதிக்கும். அல்லது மொத்தத்தை மட்டும் வாங்கும் தனி ஃபங்ஷனாக எழுதலாம். அல்லது முதலில் தொகைகளைக் கணக்கிட்டு வெக்டரில் சேர்த்துக்கொண்டு, வளையம் முடிந்த பிறகு மாற்றலாம். இந்தக் குழுவுக்கு இரண்டாவது வழிதான் நின்று பயன் தந்தது, ஏனென்றால் எந்த ஃபங்ஷன் எந்தத் தரவைத் தொடும் என்பது கையொப்பத்திலேயே எழுதியாகிவிடுகிறது. ஃபீல்டை நேரடியாகத் தொடுவது பாதுகாப்பைக் குலைக்காதா என்ற கேள்வி வரும். ரஸ்டில் மறைப்பு மாட்யூல் அளவில் உள்ளது. மாட்யூலுக்கு வெளியே இருப்பவருக்கு ஃபீல்டு மூடியே இருக்கும்.

ஜாவாவில் பட்டியலைச் சுற்றிக்கொண்டே அதில் ஒன்றை நீக்கினால் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் வருவது எல்லாருக்கும் தெரியும். அதே ஆபத்தைத்தான் ரஸ்ட் எழுதும்போதே தடுக்கிறது. இப்படிச் சொல்லிக்கொடுத்தபோது ஜாவாக்காரர்களுக்குப் இரவல் விதியைச் சரிபார்க்கும் பாரோ செக்கர் மீதிருந்த மனத்தாங்கல் சட்டென்று இறங்கியது.

நிலைகளையே வகையாக எழுதுதல்

இங்கேதான் நிரல் உருப்பட்டது. ஒரு பொருள் என்ன இனம் என்று கேட்டுக் கிளாஸ் மரம் வரைவதை நிறுத்திவிட்டு, ஒரு சீட்டு எந்தெந்த நிலையில் இருக்க முடியும், அந்தந்த நிலையில் என்ன தெரியும் என்று கேட்டார்கள். ரஸ்டின் எனம் வகையில் ஒவ்வொரு கிளையும் தன் தரவைத் தன்னோடு சுமக்கும். லேட்டக்ஸ் சீட்டுக்கு எழுதியது இவ்வளவுதான்:

காத்திருக்கிறது: மாதிரி எண், எடுத்த நேரம்
சோதித்தது: டிஆர்சி, சோதித்த நாள்
மறுத்தது: காரணம்

டிஆர்சி என்ற எண் சோதித்தது என்ற கிளைக்குள் மட்டுமே இருக்கிறது. விலை கணக்கிடும் ஃபங்ஷன் டிஆர்சியை வாங்கித்தான் ஆக வேண்டும். எனவே காத்திருக்கும் சீட்டுக்கு விலை போடும் வரியை எழுதவே முடியாது. பழைய ஜாவாவில் டிஆர்சி நல்லா என்று பார்க்கும் சோதனை பல இடங்களில் சிதறிக் கிடந்தது, ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. ஜாவாவிலும் 17-ஆம் பதிப்பின் (2021) சீல்டு கிளாஸ், 21-ஆம் பதிப்பின் (2023) ஸ்விட்ச் பேட்டர்ன் கொண்டு இதை நன்றாகவே எழுதலாம். இந்த வடிவம் கைவந்தவர்கள் ஜாவாவுக்குத் திரும்பினாலும் இப்படியே எழுதட்டும்.

பொருள் இனங்களும் இப்படி எனமாகவே இருந்ததால், கப் லம்ப் (கோப்பையிலேயே உறைந்த ரப்பர்) என்ற நான்காவது பொருளைப் பின்னால் சேர்த்தபோது, மேட்ச் (கிளைகிளையாகப் பிரித்துப் பார்ப்பது) எழுதிய ஒவ்வொரு இடத்திலும் ஈ0004 (ஒரு கிளை விட்டுப்போனது என்ற பிழை) வந்து நின்றது: ரசீது, மாத அறிக்கை, இருப்புக் கணக்கு. ஓரிடத்தில் மட்டும் வரவில்லை. அங்கே "மற்றதெல்லாம்" என்று அடிக்கோட்டுக் கிளை போட்டிருந்தார்கள். கப் லம்ப் சத்தமில்லாமல் ஷீட் விலைக்குப் போயிருக்கும். சொந்த எனங்களில் அடிக்கோட்டுக் கிளை போடாதிருப்பது நல்லது. நிரலின் குறைகளைச் சுட்டும் கிளிப்பி என்ற கருவியில் இதற்கென்று ஒரு விதி உண்டு. தானாக இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும்.

அப்படியானால் டிரெய்ட் எதற்கு? எடை மெஷினுக்கு. வெவ்வேறு கம்பெனி மெஷின்கள் வெவ்வேறு விதமாக வரி அனுப்பும். சோதனைக்குப் போலி மெஷின் ஒன்றும் வேண்டும். "நிலையான எடையைக் கொடு" என்ற ஒற்றை மெத்தடு கொண்ட டிரெய்ட் அங்கே கச்சிதம். கிளைகள் நம் கையில், எண்ணி முடிந்தவை என்றால் எனம். பிறர் வந்து சேர்க்கக்கூடியவை என்றால் டிரெய்ட்.

எண்கள்

எடுத்துக்காட்டாக 42.6 கிலோ பால், டிஆர்சி 34.2, உலர் ரப்பர் கிலோவுக்கு 180 ரூபாய் என்று கொள்வோம். எஃப்64 என்ற தசம வகையில் வைத்தால் இரண்டு தொல்லை. பைசா துல்லியம் போகும். டிஆர்சி வரிசையில் அடுக்க சார்ட் அழைத்தால் கம்பைலர் மறுக்கும், ஏனென்றால் என்ஏஎன் (எண் அல்லாதது) என்ற மதிப்பு இருப்பதால் எஃப்64-க்கு முழு வரிசை ஒழுங்கு இல்லை. டோட்டல் சிஎம்பி என்ற ஒப்பீட்டு மெத்தடைக் கொண்டு அடுக்கலாம். ஆனால் கிராம், ஆயிரத்தில் இத்தனை, பைசா என்று முழு எண்ணுக்கு மாறுவதே சரி: 42600, 342, 18000.

முதலில் உலர் எடையை வகுத்துவிட்டால் 14569 கிராம், தொகை ரூ.2622.42. எல்லாவற்றையும் பெருக்கிவிட்டுக் கடைசியில் ஒரே முறை 10 லட்சத்தால் வகுத்து முழுதாக்கினால் ரூ.2622.46. நாலு பைசா சின்னதுதான். ஆனால் சீட்டும் மாத அறிக்கையும் வெவ்வேறு வரிசையில் கணக்கிட்டால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. ஒரே ஃபங்ஷன், ஒரே இடத்தில் வகுத்தல்.

200 கிலோ பேரல் பத்து வந்தால் உலர் எடை 6,84,000 கிராம். 18000-ஆல் பெருக்கினால் 1231 கோடியே 20 லட்சம். ஐ32 என்ற 32 பிட் முழு எண் ஏறத்தாழ 214 கோடியோடு நின்றுவிடும். சோதனைக்கான டிபக் பதிப்பு பேனிக் ஆகும். ரிலீஸ் பதிப்பு, ஜாவாவின் இன்ட் போலவே, ஓசையின்றிச் சுற்றிக்கொண்டு ரூ.1,23,120-க்குப் பதில் மைனஸ் ரூ.5,729 என்று காட்டும். ஐ64 போதும். அதோடு ரஸ்டின் கட்டும் கருவியான கார்கோவின் கோப்பில் ரிலீஸ் பகுதியில் ஓவர்ஃப்ளோ செக்ஸ் என்பதை ட்ரூ ஆக்கிவிட வேண்டும்.

எக்ஸெப்ஷன் இல்லாத இடத்தில்

வெற்றியா பிழையா என்று சொல்லும் ரிசல்ட் வகையும், பிழையை மேலே அனுப்பும் கேள்விக்குறி ஆப்பரேட்டரும் ஜாவாவின் செக்டு எக்ஸெப்ஷனை அறிந்தவருக்கு விரைவில் பழகும். பயிற்சிப் பாடங்களில் எங்கும் கிடக்கும், பிழை வந்தால் பேனிக் ஆகும் அன்ராப் நிரலுக்குள் அப்படியே குடிபுகுந்துவிடுவதுதான் ஆபத்து. சோதனைக் கோப்புகளுக்கு வெளியே அன்ராப் கூடாது என்று விதி வைத்தார்கள்.

கேள்விக்குறியிலும் கவனம் தேவை. சீரியல் போர்ட்டில் கேன் எதுவும் வைக்காத நேரத்தில் டைம்அவுட் (காத்திருக்கும் நேரம் முடிந்தது) என்பதும் பிழையாகத்தான் திரும்பும். அதைக் கேள்விக்குறியால் மேலே அனுப்பினால் எடை படிக்கும் வளையமே முடிந்துபோகும். டைம்அவுட்டை மட்டும் மேட்சில் பிரித்து, தொடர்ந்து சுற்றச் சொல்ல வேண்டும். ஒரே வாசிப்பில் முழு வரியும் வரும் என்ற உறுதியும் இல்லை; பாதி வரியை எண்ணாக மாற்றினால் 42.60 என்பது 42 ஆகிவிடும். வந்ததைச் சேர்த்துவைத்து, வரி முடிவு வந்த பிறகே மாற்ற வேண்டும்.

கருவிகள்

விண்டோஸில் வழக்கமான முறையில் ரஸ்ட் நிறுவ மைக்ரோசாஃப்ட்டின் சி++ பில்ட் டூல்ஸ் தேவை. அது சில ஜிபி இறங்கும். பேச்சிப்பாறை பக்கம் மொபைல் இணையத்தை நம்பி அதைத் தொடங்க வேண்டாம், நகரத்திலேயே முடித்துக்கொண்டு போவது நல்லது. கார்கோ வெண்டார் கட்டளை எல்லாச் சார்பு நூலகங்களையும் திட்டத்துக்குள்ளேயே இறக்கி வைத்துவிடும், பிறகு இணையம் இல்லாமலே கட்டலாம். எழுதும்போது கார்கோ பில்ட் வேண்டாம், கார்கோ செக் போதும், வெகு விரைவு. கட்டியவை சேரும் டார்கெட் ஃபோல்டர் சத்தமில்லாமல் பல ஜிபிக்கு வளரும். கார்கோ கிளீன் போட்டால் இடம் கிடைக்கும். பிழை எண்ணைக் கொடுத்து ரஸ்ட்சி எக்ஸ்ப்ளெய்ன் கேட்டால் விளக்கம் இணையமின்றியே வரும்; முதல் மாதத்தில் இதற்கு இணையான ஆசிரியர் இல்லை. திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் உள்ள டெக்னோபார்க்குக்கு ரயிலில் போய்வருபவர்கள் ரஸ்ட்லிங்ஸ் என்ற சிறு பயிற்சிகளை, உலாவியிலேயே ரஸ்ட் ஓட்டும் பிளேகிரவுண்ட் தளத்தில் ஒட்டிப் போனிலேயே செய்து பார்க்கிறார்கள். திருத்தி ஓட்டுவது வரை அதில் முடியும்.

தொடக்கத்தில் ஆர்சி, ரெஃப்செல், டின், லைஃப்டைம் குறி நான்கையும் தொடாமல் ஒரு முழுச் சிறு நிரலை எழுதி முடிப்பது பலன் தரும். இவை தேவையற்றவை என்று அர்த்தம் இல்லை. ஜாவாப் பழக்கம் ஒளிந்துகொள்ள இவைதான் வசதியான இடம்.

தமிழ்ப் பெயர்கள்

ரசீதில் ஊர்ப் பெயர் தமிழில் வர வேண்டும். குலசேகரம் என்பதற்கு ஜாவாவின் லெங்த் 9 என்றது, ரஸ்டின் லென் 27 என்றது, கண்ணுக்குத் தெரியும் எழுத்து 6. ஜாவா யுடிஎஃப்-16 அலகை எண்ணுகிறது. ரஸ்ட் யுடிஎஃப்-8 பைட்டை எண்ணுகிறது, தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். கொம்பும் புள்ளியும் தனிக் குறிகள். முதல் 10 பைட்டை வெட்டி எடுக்கச் சொன்னால், ஒரு குறியின் நடுவில் வெட்டுவதால் ரஸ்ட் பேனிக் ஆகும். ஜாவா அப்படி நிற்காது. "ரம்" என்பதிலிருந்து புள்ளியை உதிர்த்து "ரம" என்று அச்சிட்டுவிடும். கேர்ஸ் முறையில் எண்ணினாலும் 9-தான் கிடைக்கும். எழுத்துக் கணக்கில் வெட்ட யூனிகோட் செக்மென்டேஷன் என்ற ரஸ்ட் நூலகத்தின் (கிரேட்) கிராஃபீம் (கண்ணுக்குத் தெரியும் எழுத்து) முறை வேண்டும்.

அதுவும் ரசீதுக்குப் போதவில்லை. ணை, கொ, ர் மூன்றும் ஒரே அகலம் இல்லாததால் எழுத்தை எண்ணி நெடுவரிசையை நேராக்க முடியாது. மலிவான தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்துருவும் இருக்காது. முழு வரியையும் படமாக வரைந்து அனுப்பினார்கள், அகலத்தைப் புள்ளிகளில் அளந்தார்கள். 58 மில்லிமீட்டர் தாளில் பெரும்பாலான பிரிண்டர்கள் வரிக்கு 384 புள்ளி அச்சிடும்; நீளமான ஊர்ப் பெயர் அதற்குள் அடங்காவிட்டால் அடுத்த வரிக்கு மடக்குவதே முறை, வெட்டக் கூடாது.